சன்ஸ்கிரீன் பவளத்தைக் கொல்லுமா?

ஜாலான் புசாரிலிருந்து சையது ஆல்வி சாலைக்குள் நுழைந்து, முஸ்தபா சென்டரின் அழகுப்பொருள் அடுக்குகளுக்கு முன்னால் நின்றால் சன்ஸ்கிரீன் வாங்க வந்தவருக்குத் தலை சுற்றும். ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல நாட்டுக் குப்பிகள் வரிசை கட்டி நிற்கும். இப்போதெல்லாம் சில குப்பிகளில் ஆமைப் படமோ பவளக் கிளைப் படமோ போட்டு, பவளப்பாறைக்குத் தீங்கில்லாதது என்றும் அச்சிடுகிறார்கள். அந்த வாசகத்துக்குப் பின்னால் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு எவரையும்விட நமக்கு அவசியம். நாம் வெயிலுக்கு நடுவிலும் வாழ்கிறோம், பவளத்துக்குப் பக்கத்திலும் வாழ்கிறோம்.

இரண்டாவது செய்தி நம்மில் பலருக்குப் புதிது. சிங்கப்பூர்க் கடல் என்றதும் கப்பல்களும் எண்ணெய்க் கிடங்குகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து அரைமணி நேரம்போலப் படகில் போனால் வரும் சிஸ்டர்ஸ் தீவுகளிலும், செயின்ட் ஜான்ஸ், குசு, ஹந்து, செமாக்காவ் தீவுகளின் ஓரங்களிலும் உயிருள்ள பவளப்பாறைகள் இருக்கின்றன. உலகிலுள்ள ஏறத்தாழ 800 வகைக் கடினப் பவளங்களில் 250க்கு மேற்பட்டவை இந்தச் சின்னக் கடற்பரப்பில் பதிவாகியுள்ளன. சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றிய ஏறக்குறைய 40 ஹெக்டர் பரப்பு 2014இல் நாட்டின் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சீரமைப்புக்காக 2021இல் மூடப்பட்ட பெரிய தீவு 2024 அக்டோபரில் மறுபடி திறந்தது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போய்க் கடலில் இறங்க வசதியான இடமாகிவிட்டது. இறங்குவதற்கு முன் பெற்றோர் செய்யும் முதல் வேலை, பிள்ளைகளுக்குச் சன்ஸ்கிரீன் பூசுவது.

பூசுவதில் தவறில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. தேசியச் சுற்றுப்புற அமைப்பு பகல் நேரத்தில் மணிக்கு ஒருமுறை வெளியிடும் புறஊதாக் குறியீடு நண்பகலில் 11ஐத் தொடும் நாள்கள் உண்டு. உலக அளவுகோலில் அதுதான் உச்சப் படி. கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மெலனின் ஓரளவு காக்கும், முழுவதும் காக்காது. ஆகவே வெயில் பூச்சே வேண்டாம் என்பது விடையாக முடியாது. பூச்சில் என்ன இருக்கிறது, அதில் எவ்வளவு கடலுக்குப் போகிறது, போனது பவளத்தை என்ன செய்கிறது என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பூச்சில் இருப்பவை இரண்டு இனம். முதலாவது, புறஊதாக் கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும் கரிம வேதிப்பொருள்கள்: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரிலீன், அவோபென்சோன் போன்றவை. இரண்டாவது, துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற கனிமப் பொடிகள். கனிமப் பொடி கதிரைத் திருப்பி அனுப்பிவிடும் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். உண்மையில் அதுவும் பெரும்பகுதியை உறிஞ்சவே செய்கிறது.

பவளம் ஒரு விலங்கு. சில மில்லிமீட்டர் அளவுள்ள மென்மையான உயிரிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு இதுதான். நிறமும் பெரும்பாலும் பாசியால் வருவதே. கடல் அளவுக்கு மீறிச் சூடானாலோ நஞ்சு கலந்தாலோ இந்தக் கூட்டு முறிந்து, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது கண்ணாடித் திசு வழியாக வெள்ளைக் கூடு தெரியும். இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நிலைமை சீரானால் பாசி திரும்பிவரும், பவளமும் பிழைக்கும்.

சன்ஸ்கிரீன் மீது முதல் பெரிய குற்றச்சாட்டு 2008இல் வந்தது. இத்தாலிய அறிஞர் ராபர்ட்டோ டனோவாரோவும் அவர் குழுவினரும் இந்தோனேசியா, தாய்லாந்தின் அந்தமான் கடல், எகிப்தின் செங்கடல், மெக்சிகோ ஆகிய இடங்களில் பவளத் துண்டுகளைக் கடல்நீர் நிரப்பிய பைகளில் இட்டு, லிட்டருக்குச் சில பத்து மைக்ரோலிட்டர் சன்ஸ்கிரீன் சேர்த்தார்கள். பவளங்கள் சில நாள்களில் வெளிறின. பவளத்துக்குள் உறங்கிக் கிடந்த வைரஸ்களை இந்தப் பொருள்கள் எழுப்பிவிடுகின்றன என்றார்கள். உலகப் பவளப்பாறைகளில் 10 விழுக்காடுவரை ஆபத்தில் இருக்கலாம் என்றும் ஒரு மதிப்பீடு தந்தார்கள்.

2015இல் வந்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. அமெரிக்காவின் கிரெய்க் டவுன்ஸ் குழு, பவளத்தின் நீந்தும் லார்வாக்களை ஆக்ஸிபென்சோன் கலந்த நீரில் விட்டுப் பார்த்தது. லார்வா உருக்குலைந்தது, வெளிறியது, நீந்தும் திறனை இழந்தது. உரிய காலத்துக்கு முன்பே தன்னைச் சுற்றிக் கூடு கட்டி அடைபட்டது. இருட்டில் இருந்ததைவிட வெளிச்சத்தில் இருந்த லார்வாக்களுக்குச் சேதம் பல மடங்கு. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் டிரங்க் பே என்ற கூட்டம் மொய்க்கும் கடற்கரையில் எடுத்த நீரில் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம்வரை ஆக்ஸிபென்சோன் இருந்ததாகவும் அந்த ஆய்வு கூறியது.

அரசுகள் விரைவாகவே எழுந்தன. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த பூச்சுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஹவாய் 2018இல் சட்டம் இயற்றியது. அது 2021 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. பலாவ் நாடு 10 பொருள்களை 2020 ஜனவரி 1 முதல் விலக்கியது. 2021 ஆகஸ்டில் தாய்லாந்து தன் கடல் தேசியப் பூங்காக்களில் 4 பொருள்களைத் தடைசெய்தது. மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம். கிராபி, சிமிலான் தீவுகள் என்று சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்குப் பறப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் அப்படிப்பட்ட தடை இல்லை.

இதுவரை கேட்டால் வழக்கு முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் எந்த நஞ்சுக்கும் அளவுதான் முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடல் முழுக்கப் பூச 30 மில்லிலிட்டர் தேவை; கிட்டத்தட்ட 30 கிராம். அதில் ஆக்ஸிபென்சோன் 5 விழுக்காடு என்றால் ஒன்றரை கிராம். கால்பங்கு கடலில் கழன்றுவிடும் என்ற டனோவாரோவின் கணக்கை எடுத்துக்கொண்டால் 375 மில்லிகிராம் நீரில் கலக்கும். சில ஆய்வுக்கூடச் சோதனைகளில் இருக்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அடர்த்தியை எட்ட, இந்த அளவு 190 லிட்டர் நீருக்கும் போதாது. வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் சிறிய தொட்டிகூட நிறையாது. கடலில் என்ன அடர்த்தி? மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கேரிஸ் மிட்செல்மோர் குழு ஹவாயின் ஓவாஹு தீவுக் கரைகளில் அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்ஸிபென்சோன் லிட்டருக்கு 150 நானோகிராமுக்கும் கீழேதான் இருந்தது. 100 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், நம் ஆளிடமிருந்து கழன்ற 375 மில்லிகிராம் ஒன்றரை ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் பரவியிருக்கிறது என்று பொருள். டிரங்க் பேயில் கிடைத்த எண் இதைப்போல் பல்லாயிரம் மடங்கு. அந்த உச்ச எண்ணைப் பிற்பாடு நடந்த பெரும்பாலான அளவீடுகள் நெருங்கவே இல்லை.

லார்வாவைக் கொன்ற அளவும் திறந்த கடலில் வழக்கமாகக் கிடைக்கும் அளவும் இப்படி வெகுதூரம் விலகி நிற்கின்றன. அதனால்தான் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் வெளியிட்ட நீண்ட அறிக்கை எந்தப் பொருளையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை, விடுதலையும் செய்யவில்லை. சூழலியல் இடர் மதிப்பீட்டை முறையாக நடத்துங்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைக் கேட்டுக்கொண்டது. மக்கள் பயந்து சன்ஸ்கிரீனைக் கைவிட்டால் தோல் நோய் கூடும் என்ற கவலையும் அந்த அறிக்கையில் உண்டு.

அதே 2022இல், ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜே வுக்கோவிச், வில்லியம் மிட்ச், ஜான் பிரிங்கிள் முதலியோர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இந்த விவகாரத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆக்ஸிபென்சோன் தீங்கு செய்யுமா என்பதோடு நிற்காமல், எப்படிச் செய்கிறது என்று அவர்கள் தேடினார்கள். பவளத்துக்கு நெருங்கிய உறவான கடல் அனிமனியை எடுத்துக்கொண்டார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்ஸிபென்சோன் கலந்த நீரில், செயற்கை வெயிலின் கீழ் வைத்த அனிமனிகள் 17 நாள்களுக்குள் எல்லாம் இறந்தன. அதே நீரில் வெயில் படாமல் வைத்தவை பிழைத்தன. வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் பொருள், வெயில் பட்டால்தான் அந்த உயிரைக் கொல்கிறது.

விடை அந்த விலங்கின் உடலுக்குள் இருந்தது. உள்ளே வந்த அந்நியப் பொருளை வெளியேற்ற உயிரிகள் அதை நீரில் கரையும்படி மாற்றும். அனிமனி அதற்காக ஆக்ஸிபென்சோனோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒட்டுகிறது. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில்தான் வினை. கதிரை வாங்கி வெப்பமாக ஆபத்தில்லாமல் விட்டுவிடும் வேலையை ஆக்ஸிபென்சோனுக்குச் செய்துகொடுக்கும் பகுதியிலேயே போய் ஒட்டுகிறது. வேலை கெட்ட மூலக்கூறு, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட முடியாமல் திசுவைத் தாக்கும் தீவிரமான ஆக்ஸிஜனேற்றிகளை உண்டாக்குகிறது. தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள அந்த உயிர் எடுக்கும் முயற்சியே நஞ்சைத் தயாரித்துவிடுகிறது. காளான் பவளத்திலும் இதே மாற்றம் நடப்பதை அவர்கள் கண்டார்கள்.

அதற்கு அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் கனமானது. திசுவுக்குள் இருக்கும் பாசிகள் இந்த நச்சுப் பொருளைத் தம்முள் சேர்த்துவைத்துக்கொண்டு விலங்கை ஓரளவு காக்கின்றன. பாசியில்லாத, வெளிறிய அனிமனிகள் விரைவில் மடிந்தன. ஆரோக்கியமான பவளம் தாங்கிக்கொள்ளும் அளவை, வெப்பத்தால் ஏற்கெனவே வெளிறிக் கிடக்கும் பவளம் தாங்காமல் போகலாம். சோதனையில் இருந்த அடர்த்தி கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் அடர்த்தியைவிட மிக அதிகம் என்பதையும், முழுச் சோதனை அனிமனியில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் இது நம் கடலுக்கு நேராகப் பொருந்தும் எச்சரிக்கை.

கனிமப் பூச்சுக்கு மாறினால் தீர்ந்ததா? அதற்கும் முழு நற்சான்று கிடையாது. இத்தாலியின் சின்சியா கொரினால்தேசி குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பூச்சு இல்லாத துத்தநாக ஆக்ஸைடு நுண்துகள்கள் மான்கொம்புப் பவளங்களைக் கடுமையாக வெளிறச் செய்தன. மேற்பூச்சு இட்ட டைட்டானியம் டை ஆக்ஸைடு பாதிப்பு மிகக் குறைவு. ஆமைப் படம் போட்ட குப்பியில் துத்தநாகம் இருந்தால் அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லாது. பவளத்துக்குப் பாதுகாப்பானது என்ற வாசகத்துக்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படியான வரையறை இல்லை. நிறுவனம் தானே எழுதிக்கொள்ளும் சான்றிதழ் அது.

சரி, ஜாலான் புசாரில் நாம் தினமும் பூசிக்கொள்ளும் கிரீம் எங்கே போகிறது? குளியலறையில் கழுவினால் அது கழிவுநீர்க் குழாய் வழியாக, நிலத்துக்கடியில் ஆழமாக ஓடும் சுரங்கக் கால்வாயில் சேர்ந்து சாங்கி நீர் மீட்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே நடக்கும் சுத்திகரிப்பில் இத்தகைய பொருள்கள் பெருமளவு குறையும், முற்றிலும் நீங்காது. ஒரு பகுதி நீர் நியூவாட்டராகிறது, மீதி கடலடிக் குழாயில் கிழக்கே தூரத்தில் கலக்கிறது. தெருவில் பெய்யும் மழையோ ரோச்சோர் கால்வாய்க்குள் இறங்கி, காலாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு அதைக் கடலிலிருந்து பிரித்துவைத்திருக்கிறது. அலுவலகத்துக்கும் தேக்கா சந்தைக்கும் பூசிக்கொண்டு போகும் சன்ஸ்கிரீன் சிஸ்டர்ஸ் தீவுப் பவளத்தைத் தேடிப் போக நேர்வழி ஏதும் இல்லை. அந்தப் பவளத்துக்குச் சேர்வது பெரும்பாலும், அங்கே போய் நீரில் இறங்குபவரின் உடம்பிலிருந்து கழல்வதுதான்.

அங்கேயும் நிலைமை ஒன்றுபோல் இல்லை. தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் வலுவானது. பெரிய ஓதத்தில் கடல்மட்டம் 3 மீட்டர்வரை ஏறி இறங்கும். கலந்தது நீர்த்துப் போக அது உதவும். தடுப்புக் கட்டி அடைத்த ஆழமில்லாத கடற்குளங்களில், அலை தணிந்த நண்பகலில், நிறையப் பேர் ஒரே சமயம் இறங்கும்போது நீர்த்துப் போவது மெதுவாகும். இத்தகைய இடங்களில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்ப் பவளத்தை உண்மையில் அழித்தது எது என்று கேட்டால், சன்ஸ்கிரீனின் பெயர் பட்டியலில் வெகு கீழே இருக்கும். 1960களிலிருந்து நடந்த நில மீட்பில் பவளப்பாறைகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் மண்ணுக்கடியில் போய்விட்டன. எஞ்சியவற்றின் மேல் வண்டல் படிகிறது. அன்று 10 மீட்டர் ஆழம்வரை இறங்கிய வெளிச்சம் இப்போது 2 மீட்டரோடு நின்றுவிடும் இடங்கள் உண்டு. பாசியால் வெளிச்சமில்லாமல் சமைக்க முடியாது. தமிழர்களின் மற்றொரு கடலிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். அங்கே இருந்த 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிப்போயின. எந்தப் பூச்சும் அந்த அளவு சேதம் செய்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வெப்பம். சிங்கப்பூரில் கடல்நீர் வாரக்கணக்கில் 31 டிகிரியைச் சுற்றி நின்றால் பவளம் வெளிறத் தொடங்கும். 1998, 2010, 2016, 2024 என நான்கு முறை பெரிய அளவில் நடந்துவிட்டது. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் நம் பவளத் தொகுதிகளில் ஏறத்தாழ 44 விழுக்காடு வெளிறின. அக்டோபருக்குள் பெரும்பாலானவை மீண்டன, 7 விழுக்காடு போல மடிந்தன. அந்த ஆண்டு ஜூனில்தான் பாசிர் பாஞ்சாங்கில் ஒரு தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோதி 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவே பெரும்பகுதி பிழைத்து வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஜேம்ஸ் கெஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010 வெளிறலை ஆராய்ந்தபோது, வழக்கமாக முதலில் சாகும் சில பவள இனங்கள் சிங்கப்பூரில் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கியதைக் கண்டார்கள். கலங்கிய சூடான கடலில் வாழ்ந்து பழகிய இந்தப் பவளங்களை உலக ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிப்பது அதனால்தான்.

அவற்றின் அடுத்த தலைமுறையும் நம் கண்முன்தான் பிறக்கிறது. பெரும்பாலும் ஏப்ரல் மாத முழுநிலவுக்குப் பிந்தைய சில இரவுகளில் பல இனப் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் நீரில் விடுகின்றன. டவுன்ஸ் ஆய்வில் மிக நொய்ந்து தெரிந்த லார்வாப் பருவம் அதைத் தொடர்ந்து வருகிறது. தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கிய திட்டம் ஒரு லட்சம் பவளங்களை நடப்போகிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகும் வேலை அது.

சன்ஸ்கிரீனைப் பற்றி என் முடிவு இது. பவளத்தின் முதல் எதிரி அது இல்லை. அதைத் தடைசெய்து வெப்பத்தையும் வண்டலையும் மறந்துவிட்டால் பவளம் பிழைக்காது. ஆனால் நம் கையால் இன்றே குறைக்கக்கூடிய சுமை அது ஒன்றுதான். குறைப்பதற்குச் செலவும் இல்லை. ஞாயிறன்று லிட்டில் இந்தியாவில் கூடும் கட்டுமானத் தொழிலாளர்களைப் பாருங்கள். வாரம் முழுக்க வெயிலில் நிற்கும் அவர்களைக் காப்பது முழுக்கைச் சட்டையும் தலையில் சுற்றிய துணியும். கடலுக்கும் அதே வழி பொருந்தும். முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால்வரை கால்சட்டையும் போட்டுக்கொண்டால் பூச வேண்டிய இடம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். மிச்சமுள்ள முகம், கழுத்து, கைகால்களுக்குப் பூசிவிட்டு, கால்மணி நேரம் பொறுத்து நீரில் இறங்குங்கள். குப்பியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்: ஆக்ஸிபென்சோன் அங்கே பென்சோபீனோன்-3 என்றும், ஆக்டினாக்ஸேட் எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட் என்றும் எழுதப்பட்டிருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அந்தக் குப்பியை ஊருக்குள் பயன்படுத்துங்கள், தீவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கடைசியாக, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர்க் கடல் மிகச் சூடாக இருப்பதும் பவளம் வெளிறத் தொடங்குவதும் ஜூன், ஜூலை மாதங்களில். நமக்குப் பள்ளி விடுமுறையும் ஜூனில்தான். நச்சைத் தாங்கப் பாசி துணையில்லாமல் பவளம் கிடக்கும் அதே வாரங்களில் நாம் கூட்டமாக அந்த நீரில் இறங்குகிறோம். அந்த ஒரு மாதத்திலாவது பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு அழைத்துப் போங்கள்.